உன் பங்கு ஐஸ்

கோச்சபம்பா,
கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம்

என் செல்ல மகள் மிர்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நான் நடமாட்டமாக இருக்கிறேன், காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதுவும் உன் தொமாசா அத்தை பேசும்போது வசதியாகத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாள் உன்னைப் படுத்தாமல் இருக்கிறாளா, இத்தாலியில், அந்தப் பெர்காமோவில் குளிர் ஆரம்பித்திருக்குமே, தலையை நன்றாக மூடிக்கொண்டு வெளியே போ. கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். அதில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, உனக்கும் அப்படித்தான், பிறகு இரண்டு பேரும் மழை வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். எதிர்வீட்டு ஹனெத் விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே நீ கேட்ட காய்ந்த மிளகாயும் இருக்கிறது.

நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். சாப்பிடுகிறேன் அம்மா. உன் அம்மா போனதிலிருந்து சனிக்கிழமைச் சந்தைக்கு நானேதான் போகிறேன். முதலில் பட்ட பாட்டைக் கேள். இத்தனை வருஷமும் அவளை என் மினிபஸ்ஸில் சந்தை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே சவாரிக்குப் போனவன் நான், உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? அவள் இருட்டோடு கிளம்பிப் போனாலும் கடை திறந்ததும் வாங்கமாட்டாளாம், ஓரமாக நின்று வேறு யாராவது போணி பண்ணட்டும் என்று காத்திருப்பாளாம். போணி பண்ணுகிற ஆள் பேரம் பேசக்கூடாது, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகவும் கூடாது. இது தெரியாமல் நான் பாலாடைக்கட்டிக்காரியிடம் முதல் ஆளாகப் போய் விலை கேட்டு, எடுத்து முகர்ந்து பார்த்து, சுற்றிவிட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். முதல் காசை வாங்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியிருந்தாள் பாவம், "யோவ் பெரியவரே, விடிஞ்சதும் விடியாததுமா என் யாவாரத்துல மண்ணள்ளிப் போட வந்தீரா? வாங்க மனசில்லன்னா மோப்பம் எதுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. பயந்துபோய் அவள் சொன்ன விலைக்கு ஒரு முழு வட்டு வாங்கி வந்து, அது புளித்துப் போகும் வரை தின்றேன்.

ஆனால் உருளைக்கிழங்கு வரிசையில் எனக்கு மரியாதை இருந்தது. அங்கே எமெத்தேரியா என்று ஒருத்தி, உன் அம்மாவின் வாடிக்கைக்காரி, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னையும் பார்த்திருக்கிறாளாம். அவளுக்கு இவள் கசேரா, இவளுக்கு அவள் கசேரா, விற்பவளுக்கும் வாங்குபவளுக்கும் அங்கே ஒரே பெயர்தான், ஆம்பிளை என்றால் கசேரோ. நான் முதன்முதலாகப் போய் நின்றபோது, "என்ன கசேரோ, நீர் வந்திருக்கீர், என் கசேரா எங்கே?" என்று கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது, நம் தெரு எங்கே, சந்தை எங்கே. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், முழங்கால் வலி என்று வந்துவிட்டது. அவ்வளவுதான், அன்றைக்கு எடைக்கு மேல் ஒரு கை மஞ்சள் உருளையை அள்ளிப் போட்டு, "இது கொசுறு, உமக்கில்ல, அவளுக்கு" என்றாள். அடுத்த வாரம் ஒரு சோளக் கதிர், அதற்கடுத்த வாரம் சாராயத்தில் கோக்கா இலையை ஊறவைத்து முழங்காலில் தேய்க்கச் சொல்லி ஒரு வைத்தியம். அவளுக்குக் கொஞ்சம் தேவலை, உங்களை விசாரித்தாள் என்று நானும் எமெத்தேரியாவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்புச் சட்டை தெரியக்கூடாது என்று சந்தைக்கு மட்டும் மேலே நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நீ கேட்பாய். இந்த ஊரில் எல்லா இடத்திலும் அவள் செத்துவிட்டாள் மகளே, அந்த ஒரு கடையில் மட்டும் முழங்கால் வலியோடு உயிரோடு இருந்தாள், அதையும் நானே போய்க் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்டோபர் முடியப்போகும்போது தொமாசா வந்து உட்கார்ந்துகொண்டாள். முதல் வருஷத்துப் படையல் மேசை, ஒரு குறையும் இருக்கக்கூடாது, நண்பகலுக்கு ஆத்துமா வந்துவிடும், அதற்குப் பிடித்ததெல்லாம் வைக்கவேண்டும், பிடித்தது இல்லையென்றால் தொடாமல் பசியோடு திரும்பிப் போய்விடும் என்று ஆரம்பித்தாள். உன் அம்மா எலோதியாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். நான் உடனே கோழிக் கழுத்து என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்ணே, தொடையை நீ எடுத்துக்குவே, நெஞ்சுக்கறியைப் பிள்ளைக்குப் போட்டுருவீங்க, அப்புறம் சட்டியில என்ன இருக்கும்? கழுத்து பிடிக்கும்னு அவ சொல்லாம வேற என்ன சொல்லுவா?" என்றாள். அதனால்தான் அன்றைக்கு உனக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீ நிலக்கடலை சூப் என்றாய், பிறகு அது நமக்குப் பிடித்தது அப்பா என்று நீயே சொல்லிவிட்டு அழுதாய். ஒரு வீட்டில் இவ்வளவு காலம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் தெரியவில்லை பார். முதல் வருஷமே அவளைப் பட்டினியாக அனுப்பிவிடுவேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரியாவிட்டாலும் மேசை போட்டாகவேண்டுமே. பண்டிகைக்கு முந்தின நாள் பிள்ளை உருவ ரொட்டி, பூ எல்லாம் வாங்கி, மேசைக்கு வளைவு கட்ட இரண்டு முழுக் கரும்பையும் தோளில் போட்டுக்கொண்டேன். அந்த வாரத்தில் கரும்பு தூக்கிக்கொண்டு போகிறவன் வீட்டில் புதுச் சாவு என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் உருளைக்கிழங்கு வரிசைப் பக்கமே போகாமல் பின்வாசல் வழியாக நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அங்கே பூக்காரிகள் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கரும்பு இடிக்கிறது என்று விரட்டினார்கள், திரும்பித் திரும்பிக் கடைசியில் எமெத்தேரியாவின் மூட்டைகளுக்கு எதிரிலேயே போய் நின்றேன். "கசேரோ! கரும்பு யாருக்கு?" என்றாள். பக்கத்து வீட்டுக்கு என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை. கரும்பைத் தூக்கியதில் கோட்டு விலகியிருந்தது, அவள் கண் என் சட்டை மேல் போனது. "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். பிப்ரவரியில், கார்னிவல் சமயத்தில் என்றேன். "அப்ப நான் கொடுத்தனுப்பின உருளை?" என்றாள். நான்தான் தின்றேன் என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "செத்தவளுக்கா இத்தனை நாளும் முழங்காலுக்கு மருந்து சொல்லி அனுப்பினேன்? பாவி மனுஷா, அவளுக்கு ஒரு ஜெபம் சொல்லவிடாம பண்ணிட்டீரே. எல்லாரும் அவளுக்காக அழுது முடிச்சிட்டீங்க, நான் இன்னைக்குத்தான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லி, மூட்டை மேலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள். நானும் கரும்போடு நின்று அழுதேன். சுமை வண்டிக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசையில் என்ன வைக்கப்போகிறீர் என்று கேட்டாள். கழுத்து என்றேன். "கழுத்தா! அவளை யாருன்னு நினைச்சீர்?" என்று மூட்டைகளைத் துணி போட்டு மூடிவிட்டு, என் கோட்டுக் கையைப் பிடித்து வரிசைக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒருத்தி பனிக்கட்டி நிறைந்த தொட்டியில் தகரக் குவளையைக் கையாலேயே சுற்றிச் சுற்றிப் இலவங்கப்பட்டை போட்ட ஐஸ் செய்கிறாள், சிவப்பாக இருக்குமே, அதுதான். உன் அம்மா சாமானெல்லாம் வாங்கி முடித்ததும் பைகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அங்கே கிடக்கும் பலகையில் உட்காருவாளாம். யாரைச் சொல்கிறோம் என்று ஐஸ்காரிக்குச் சட்டென்று புரிந்தது. "ரெண்டு தம்ளர்க்காரியா?" என்றாள். நீ இத்தாலிக்குப் போனதிலிருந்து இரண்டு தம்ளர்தான் வாங்குவாளாம். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்ணு மிர்தாவுக்கு. அவளால வர முடியல, அதுக்காக உருகவிட முடியுமா?" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் சொட்டு விடாமல் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாளாம். என்னிடம் ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை. கொஞ்சம் வலித்தது எனக்கு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எங்களுக்குத் தெரியாமல் அவளுக்கென்று ஒரு ருசி இருந்ததே என்று நினைத்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

மறுநாள் மேசை போட்டோம். நடுவில் அவள் படம், மேலே கரும்பு வளைவு, ரொட்டி, பழம், தொமாசா சமைத்த நாக்குக்கறி. ஐஸை முன்னாலேயே வைக்க முடியாதல்லவா, நண்பகலுக்குச் சரியாக வரவேண்டும். கோயில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது, ஐஸ் கொண்டுவருவதாகச் சொன்ன எமெத்தேரியாவைக் காணோம், நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். கடைசி மணிக்கு முன்னால் டாக்சி வந்து நின்றது. தன் சால்வையைச் சுற்றிய பாத்திரத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு தம்ளரை நிரப்பிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவதையும் பக்கத்தில் வைக்கப் போனபோது தொமாசா பாய்ந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணே, அது உயிரோட இருக்கிறவ பங்கு. இந்த மேசையில வெச்சா நம்ம பொண்ணையும் சேர்த்துக் கூப்பிட்டதா ஆயிடும்" என்றாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தம்ளரை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஐஸ் இளகி விரல் வழியே வழிகிறது, கொட்டவும் மனசில்லை. எமெத்தேரியாதான் ஒரு நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு, "உட்காரும் கசேரோ. அவ இருந்தா யாரு சாப்பிட்டிருப்பா? இனிமே நீர்தான்" என்றாள். உட்கார்ந்து உன் பங்கைச் சாப்பிட்டேன், மகளே. உன் அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டது எங்கள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. எமெத்தேரியா எனக்குப் பின்னால் மண்டியிட்டு, பாக்கி வைத்திருந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுதான் இங்கத்திய சேதி. அம்மா பசியோடு போகவில்லை என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்குத்தான் எழுதினேன். அவளை அடக்கம் பண்ணியதைப் போனில்தானே பார்த்தேன் என்று உன்னையே நீ வைதுகொள்ளாதே, வாராவாரம் அவள் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்திருக்கிறாய். எனக்கு அனுப்புவதற்காக உன் வயிற்றைக் காயப் போடாதே, அங்கேயும் உனக்குப் பிடித்த கடை ஒன்று இருக்கும், வாரத்தில் ஒரு நாள் போய் உட்கார், என்னிடம் சொல்லவேண்டிய அவசியமில்லை. கன்னிமரியாள் உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கைக்கு வலுவும் உன் தூக்கத்துக்கு நிம்மதியும் கொடுக்கட்டும். அங்கே உனக்குக் குடியிருப்பு அனுமதிக் காகிதங்கள் கைக்கு வந்த உடனே டிக்கெட் எடு, மறந்துவிடாதே. நேற்றைக்கும் சந்தைக்குப் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்து இரண்டு தம்ளர் சாப்பிட்டேன். டாக்டர் எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்கிறார். உன் பங்கை என்னால் ரொம்ப நாள் சாப்பிட முடியாது மிர்தா, சீக்கிரம் வா.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா அன்செல்மோ