ரதீஸ் அண்ணாவின் திரை ஏன் மூடிக்கொண்டது

அண்ணா,

சோறும் இறால் கறியும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். ஹோட்டலில் இரவு வேலை செய்த அலுப்பில் தூங்கிவிடாதீர்கள். மூன்று மணிக்குக் கணினியில் நேர்காணல்.

கணினி இன்று உங்களை இடையில் வெளியே தள்ளாது. "நீதான் புள்ள என்னத்தையோ நோண்டி வெச்சிருக்காய்" என்று செவ்வாய்க்கிழமை ஏசினீர்கள். நான் நோண்டவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்று காலை, கணினியை இயக்கும் லினக்ஸ் தன் பாட்டில் எழுதி வைக்கும் பதிவுகளை ஒரு நாவலைப் போல உட்கார்ந்து வாசித்தேன். நினைவகம் நிரம்பும்போதெல்லாம், நம் இருவரின் பயனர் கணக்குகளில் எதில் ஒரே செயலி மிகப் பாரமாக ஓடுகிறதோ, அதை மூடிவிடுகிறது. உங்களை வெளியே தள்ளிய மூன்று தடவையும் மூடியது, வீடியோ ஓடிய உங்களுடையதை. ஆனால் சிறிது சிறிதாக இடத்தைப் பிடித்திருந்தது என்னுடையது. பனி பெய்யும் ஊர்களின் கதைகளை ஐம்பது இணையப் பக்கங்களில் திறந்தபடி விட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

அது மறதி இல்லை, அண்ணா. பெரும்பாலும் நீங்கள் வரும்போது நான் இல்லை. நான் வரும்போது நீங்கள் இல்லை. அம்மா குவைத்துக்குப் போன பிறகு நாம் இருவரும் ஒன்றாக இருப்பது கணினியைத் திறந்ததும் வரும் அந்தத் திரையில்தான். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரும் திறந்தபடி இருக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது என் கணக்கை மூடிவிட்டேன். கணினியை ஒரு மணிநேரம் ஓடவிட்டும் பார்த்தேன், பிழை வரவில்லை.

கஜானி

கறியில் உப்புக் கூடிவிட்டது. தயிர் விட்டுச் சாப்பிடுங்கள்.

இந்த வேலை கிடைத்தால் நீங்கள் கொழும்புக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் சரிசெய்தேன்.