பதினோரு குரல் ஃபைல்கள்

14.6.99, திங்கள்

கடும் வெயில். மூன்று மணிக்கு வண்டலூர்ப் பக்கம் கறுத்தது. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டேன், வீட்டுக் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்ற. சி.டி. போட்டேன். கேட்டதற்கெல்லாம் ‘சரி’. நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ‘இன்னும் 21 நிமிடம்.’ ஒரே ஓர் இடி. கரண்ட் போனது.

ஐந்தரைக்கு வந்தது. திரை கறுப்பு. ஆங்கிலத்தில் ஒரு வரி: சிஸ்டம் டிஸ்க் சரியில்லை, மாற்று. ஏழு முறை அணைத்துப் போட்டேன். அதே வரி.

டெய்சி ஆபீஸிலிருந்து வந்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. “குரல்?” என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரியில், என் தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம், அவள் வற்புறுத்தி என்னைப் பேசவைத்து மைக்கில் பதிந்தவை. பதினோரு ஃபைல். அதற்குப் பிறகு குரல்வளை இல்லை, கழுத்தில் துளை. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. செத்தவன் பேசுவதைக் கேட்பானேன்.

“நீங்க காலைல ஆஸ்பத்திரிக்கோ ஸ்கூலுக்கோ கெளம்பினதும் நான் தினமும் ஒண்ணு கேட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன்” என்றாள்.

தெரியாது. நான்கு மாதமாக. கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

கீரை வாடிவிட்டது. இரவு ரசம்.

15.6.99, செவ்வாய்

புழுக்கம். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் செல்வி வந்தாள். முப்பது வயதிருக்கும். மொபெட்டில் டூல்ஸ் பை, ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

நான் சிலேட்டை நீட்டியதும் அவளும் வாங்கி அதில் பதில் எழுதினாள். ‘காது கேட்கும்’ என்று எழுதினேன்.

“ஐயோ சாரி சார்! இன்னா சார் ஆச்சு, பாதில கரண்ட் பூட்ச்சா?”

அவள் கொண்டுவந்த ஃப்ளாப்பியால் கம்ப்யூட்டர் எழுந்தது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். எங்கள் டிஸ்கைப் பட்டியல் போடச் சொன்னாள். பாதி ஒழுங்கு, பாதி கிறுக்கல். VOICE என்ற ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே எதுவும் இல்லை.

டெய்சி சமையலறைக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

“அக்கா, அழாதீங்க. டிஸ்க்ல ஒரு லிஸ்ட்டு கீது. எந்த ஃபைலு எங்க குந்திகினு கீதுன்னு. அத்த எழுதிகினு இருக்கசொல்ல கரண்ட் போச்சு. லிஸ்ட்டு தான் கெட்டுச்சு. ஃபைலு எங்கயும் போவல.”

“நிச்சயமா?”

“பாக்கலாங்கா. அதும்மேல எதுவும் எழுதாம இருக்கணும். சார், நீங்க ஒண்ணுத்தையும் தொடாதீங்க.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் முன் நிற்கும் பையன் போல.

16.6.99, புதன்

லீவு நீட்டிப்பு. (போன் போட்டது டெ.)

செல்வி பத்து மணிக்கே. டிஸ்கைச் சரிபார்க்கும் புரோகிராமை ஓடவிட்டாள். ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் 216 அநாதைத் துண்டுகள். எதற்கும் பெயர் கிடையாது. FILE0000, FILE0001... வெறும் எண்.

“பேரு போயிட்ச்சு சார். உள்ள இருக்கறது கீது. இதுல குரல் எதுன்னு கண்டுபுடிக்கணும்.”

எப்படி என்று சைகையில் கேட்டேன்.

ஒரு துண்டைத் திறந்தாள். திரை முழுக்கச் சிரிக்கும் முகங்கள், சீட்டுக்கட்டின் இதய வடிவங்கள், கிரேக்க எழுத்துகள். பீப் பீப் என்று கத்தல். “இது இல்ல.” அடுத்தது. அடுத்தது. முப்பத்தொன்பதாவது துண்டில் விரலை வைத்தாள். குப்பைக்கு முன்னால் நான்கு எழுத்து: RIFF.

“குரல் ஃபைலுன்னா இப்டித்தான் ஆரம்பிக்கும் சார். இது நீங்க.”

இது நீங்க!

மீதியை நான் விளக்கம் கேட்டு வாங்கினேன். மைக் என் குரலை வினாடிக்கு இருபத்திரண்டாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறதாம். பத்தொன்பது வருஷம் கணக்கு வாத்தியார்; இப்போது பள்ளி ஆபீஸ் ரூமில் பதிவேடு எழுதுகிறேன். எண்களைப் பிள்ளைகளுக்கு ஊட்டினேன். நானே எண்களாகி ஒரு தகட்டில் கிடப்பேன் என்று தோன்றியதில்லை. பெயரில்லாமல், யாராவது தேடி வரட்டும் என்று.

நாலரை வரை தேடல். RIFF மொத்தம் ஒன்பது. இரண்டு போனது போனதுதான்.

டெய்சி ஆபீஸிலிருந்து மூன்று தடவை போன். தூக்கி ரிசீவரைத் தட்டினேன். ஒரு தட்டு என்றால் இன்னும் இல்லை. மூன்றாவது போனுக்கு ஒன்பது தட்டு.

17.6.99, வியாழன்

தூறல். செல்வி தன் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள், ஸ்பீக்கரோடு. எங்கள் டிஸ்கை அதில் மாட்டினாள். டெய்சி ஆபீஸ் போகவில்லை.

முதல் துண்டு. உஸ்ஸென்று இரைச்சல். பிறகு ஒரு மனிதர் கனைத்தார்.

நானா? இவ்வளவு கனமா? அறைக்குள் யாரோ பெரிய ஆள் வந்தது போல் இருந்தது. பத்தாம் வகுப்பு பி பிரிவு வருகைப் பதிவு. “அன்பரசி. ஆரோக்கியராஜ். இளங்கோ. செல்வி.”

“உள்ளேன் ஐயா” என்று எழுந்துவிட்டாள் செல்வி. அவள் என்னிடம் படித்தவளே இல்லை. அப்புறம் வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். டெய்சி சிரித்துக்கொண்டே அழுதாள்.

குரலை விட என்னை உலுக்கியது மூச்சு. இரண்டு பெயர்களுக்கு நடுவே மூக்கால் இழுக்கும் சத்தம். இப்போது மூச்சு கழுத்து வழியாகத்தான். மூக்கு சும்மா. அந்தச் சின்ன ‘ஹ்ம்’ ஒன்பது ஃபைலிலும் இருக்கிறது. பின்னணியில் எங்கள் குக்கர் விசில், தண்டவாளத்தில் மின்ரயில். ஒரு பிப்ரவரி மதியம் முழுசாக அங்கே இருக்கிறது.

“என்னா வாய்ஸ் சார்!” என்றாள் செல்வி. சிலேட்டைத் தேடினேன். எடுத்தேன், கீழே வைத்தேன். கும்பிட்டேன்.

ஒன்பதையும் தன் கம்ப்யூட்டரில் நகலெடுத்துக்கொண்டு, மாலைக்குள் எங்கள் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸையே திரும்ப ஏற்றி, ஃபைல்களையும் போட்டுக் கொடுத்தாள்.

18.6.99, வெள்ளி

வெயில் திரும்ப. ஃபைல்களுக்குப் பெயர் வைப்பது தன் வேலை என்றாள் டெய்சி. ‘வருகை’, ‘வாய்ப்பாடு’, ‘நாய் துரத்தியது’.

ஒன்பதாவது பாதியில் அறுந்திருக்கிறது. “டெய்சி, இந்த வருஷ மழைக்குள்ள நாம...” அவ்வளவுதான்.

“என்ன சொல்ல வந்தீங்க?”

‘ஞாபகமில்லை’ என்று எழுதினேன்.

“சரி, மீதிய இப்ப சொல்லுங்க.” மைக்கை என் பக்கம் திருப்பினாள். சிலேட்டை வாங்கிக் கட்டிலில் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி மேடம் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. காற்றை விழுங்கி, மேலே தள்ளி, வார்த்தையாக்குவது. ஏப்பம் போல் வரும். அங்கே மூடிய அறைக்குள் செய்வேன். வீட்டில், டெய்சி எதிரில், ஒரு நாளும் இல்லை.

சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். திரையில் ஒரு பச்சைக் கோடு, தட்டையாக. எட்டு வினாடி. ஒன்பது. பத்து.

விழுங்கினேன். தள்ளினேன்.

“டெ.”

கோடு குதித்து அடங்கியது. என் பல்லிடுக்கில் வந்த அந்தக் கரகரப்பு அங்கே மலை மாதிரி எழும்பி நின்றதைப் பார்த்தேன். டெய்சி பதிவை நிறுத்தவில்லை.

“ம்” என்றாள். “அப்புறம்?”