களிம்பு போன வழி

மருமகளே ராஜாத்தி, இதை உன் அத்தை மாதம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. உன் மாமா எழுதும் இதில் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். பொய்யென்றால் அவர் மீசை உதிரட்டும்.

சொட்டு மருந்து கண்ணீரோடு கன்னத்தில் வழிந்துபோகிறது என்றுதான் ஓசூர் டாக்டர் அத்தைக்குக் களிம்பு கொடுத்தார். கீழ் இமையை இழுத்து உள்ளே அரிசியளவு வைத்தால் அங்கேயே தங்குமாம். மாமா வீட்டுக்கு வந்து சொன்னதை நம் காளை ஒட்டுக்கேட்டிருக்கிறது. அதற்கும் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததல்லவா? முந்தாநாள் மாடத்திலிருந்த குழாயை எடுத்து, மூடியைத் திருகி, தன் இமையைத் தானே இழுத்து, மொத்தத்தையும் பிதுக்கிக்கொண்டது. மாமா பக்கத்தில்தான் நின்றார்.

நேற்று அத்தை, "மருந்தத் தொலைச்சிட்டு முழிக்கிறியே, என் கண்ணு போனா நீ குடுப்பியாடி?" என்று உன்னைக் கேட்டபோதும் பக்கத்தில்தான் நின்றார். நீ சாப்பிடாமல் படுத்தாய். அவருக்கும் களி இறங்கவில்லை.

வேறு குழாய் கேட்டு வாங்க முதல் பஸ்ஸில் ஓசூர் போகிறார். டாக்டரிடம் காளை கதை எடுபடாது; திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். சட்டியில் அவரைக்காய்க் குழம்பு இருக்கிறது, முதலில் நீ சாப்பிடு. காளைக்குத் தண்ணீர் காட்டு.

மாதம்மா, அவர் வரும்வரை கண்ணைக் கசக்காதே. ராஜாத்தியை ஒன்றும் சொல்லாதே, அவள் குழாயைத் தொடவே இல்லை.

இன்னொன்று: காளைக்குக் கை கிடையாது.