மருதாணி வேலிக்கு அந்தப் பக்கம்

மதினி,

இன்று அந்தியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி, நம் தெருவுக்குள் திரும்பினேன். உங்கள் வீட்டு மருதாணி மறுபடி பூத்திருக்கிறது. அந்த வாசனை மூக்கைப் பிடித்து இழுக்க, என்னையறியாமல் "வாரேன் மதினி" என்று வேலியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பின்னால் சைக்கிளில் வந்த பால்காரர் என்னைப் பார்த்தார், பூட்டிக்கிடக்கும் வீட்டைப் பார்த்தார், பிறகு அவர் மிதித்த மிதியில் பாதிப் பால் மோராகியிருக்கும்.

அவரைக் குறைசொல்ல முடியாது. அந்த வேலி பேசிய வேலிதானே!

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். வெளியே நடைபாதையில் நின்று நாங்கள் இலை பறிப்போம். முகம் தெரியாது, குரல் மட்டும் இலைக்குள்ளிருந்து வரும். ஊர்க்கதை பேசும்போது நடுவில் திருத்தம் சொல்லும்: "அவ அப்படிச் சொல்லலட்டி, நான் கேட்டேன்." ஒருநாள் கூட இலை பறித்த பக்கத்து வீட்டுச் செல்வியிடம் உங்களைக் கஞ்சம் என்று முணுமுணுத்தேன். உடனே வேலி சொன்னது: "கஞ்சம் புடிச்சவ வீட்டு எலைதான் நல்லாச் செவக்கும். பறி."

நீங்கள் ஒருநாளும் கத்தரி தொட்டதில்லை. "எனக்கு எதுக்குட்டி கத்தரி? தெருவுல இம்புட்டுப் பொம்பளைக இருக்கீகளே" என்பீர்கள். வளைகாப்பு, கல்யாணம், பெருநாள் என்று யாராவது ஒடித்துக்கொண்டே இருந்தோம். ஒரு கொப்புகூட நடைபாதைக்கு நீண்டதில்லை.

நீங்கள் போனதும் பறிப்பது நின்றது. "சாவு விழுந்த வீட்டு மருதாணிய நல்லதுக்கு எடுக்கப்படாது" என்றார்கள். அது வாயால் சொன்ன காரணம். பறிக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வயிற்றில் இருந்த காரணம். பேயைக் கேலிசெய்து பத்திரிகையில் எழுதுகிற நானும், சாக்கடை நாற்றத்தைச் சகித்துக்கொண்டு எதிர்ச்சாரியில்தான் போனேன்.

மழைக்குப் பிறகு வேலி நடைபாதையை முழுசாக விழுங்கிவிட்டது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார்.

"வீட்டுக்காரங்கதான் வெட்டணும். அவங்களைக் கூப்பிடுங்கம்மா."

"கூப்பிட்டா வந்துருவாவளோன்னுதான் பயந்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

விவரம் புரிந்ததும் அவர் எழுதவந்ததை எழுதாமலேயே கிளம்பிவிட்டார். உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். "அடுத்த மாசம் வாரேன் அத்தை" என்றான். மாசங்கள் வந்தன.

இதில் வதைபட்டவர் மைதீன் பாய்தான். இளம்பிள்ளைவாதத்தில் போன காலோடு, கம்பு ஊன்றித் தையல்கடைக்குப் போகிறவர். எதிர்ச்சாரியின் உடைந்த சாக்கடை மூடிகள் அவருக்குத் தோதுப்படாது. அதனால் உங்கள் வேலி வந்ததும் ரோட்டில் இறங்கி, வேலி முடிந்ததும் ஏறுவார். ஒரு காலையில் மினிபஸ் அவரை உரசிக்கொண்டு திரும்பியது. கம்பு சக்கரத்துக்குள் போய் இரண்டாக முறிந்தது. அவர் வேலிமேல் சாய்ந்து விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "கம்பு போச்சாக்கா? கால் போனாக்கூடத் தேவலை, அது எப்பவும் வேலை செஞ்சதில்ல" என்று சிரித்தார். ஆனாலும் என் முழங்கையைப் பிடித்த பிடியைக் கடைவரை விடவில்லை.

அன்று மத்தியானமே பெரிய கத்தரியோடு போனேன். வெட்ட வெட்ட ஒவ்வொரு கொப்புக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "ஏட்டி" என்று ஒரு சத்தம் வந்திருந்தால் தளவாய்புரம் தாண்டித்தான் நின்றிருப்பேன். வரவில்லை. இடைவெளி விழுந்ததும் உங்கள் நாற்காலி தெரிந்தது. முதுகுப்பக்கத்து ஓட்டைகள் வழியாகக் கொப்புகள் நுழைந்து, சாய்ந்து உட்கார்ந்த ஆள்போல முன்னால் தழைந்திருந்தன. இலைகள் அசைந்தன, பேச்சில்லை. பயம் போய்விட்டது மதினி. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நடைபாதையில் அப்படியே குத்தவைத்து அழுதேன். நாற்காலிக் கொப்புகளை மட்டும் வெட்டவில்லை.

ஒருதரம் வெட்டினால் தீராது. ஊர் கைபட்டால்தான் அந்த வேலி அடங்கும். ஒரு மடி இலையை எடுத்துவந்து, கொட்டைப்பாக்கு சேர்த்து அரைத்து, பத்து விரலுக்கும் வைத்துக்கொண்டேன். காலையில் என் வீட்டுக்காரர் பதறினார்: "கையில என்ன புண்ணு?" இவர் மருதாணியைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு எண்பது ஆகிவிடும்.

பிறகு தெருவில் இறங்கிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

"சாவு வீட்டு எலையாட்டி?" என்றாள் செல்வி.

"ஆமா. மதினி வீட்டு எலை."

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"மூட்டுவலி அப்படியேதான் இருக்கு."

அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் கிண்ணத்தோடு வேலிமுன் நின்று, "மதினி, ரெண்டு கொப்பு எடுத்துக்கிடுதேன்" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பதில் வராது என்று உறுதியான பிறகே கையை நீட்டினாள். பெருநாளுக்கு மைதீன் பாய் வீட்டிலிருந்தும் வந்து பறித்தார்கள். இப்போது அவருடைய புதுக் கம்பு நடைபாதையிலேயே தட்டிக்கொண்டு போகிறது.

அன்று வைத்ததில் தோலில் இருந்த சிவப்பு எப்போதோ கழுவிப் போய்விட்டது. நகத்துச் சிவப்பு மட்டும் வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்து, பிறைபோல நிற்கிறது. நகவெட்டி மேசைமேல்தான் இருக்கிறது. வெட்டாமல், இந்த நீண்ட நகத்தோடு பேனாவைப் பிடிக்கச் சிரமப்பட்டுக்கொண்டு எழுதுகிறேன்.