ஐந்தாம் அத்தியாயம்

பதுளை
தை 8

அன்பு மகன் கஜேந்திரனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் குளிரோடு சண்டை போடுகிறது, நீயும் தோஹா வெயிலில் சுகமாக இருக்க வேண்டும்.

அப்பாவைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனதாக யாரோ சொல்லி உன்னைப் பயமுறுத்திவிட்டார்களாம், ஃபோனில் பாதிதான் விளங்கியிருக்கும், அதனால் முழுவதையும் எழுதுகிறேன். முப்பது வருஷத்தில் இருபத்தாறு மர்ம நாவல் எழுதி, நாற்பது பேருக்குக் குறையாமல் கொன்றவர் அவர். எல்லாக் கொலையும் லண்டனில், அவர் பார்க்காத லண்டனில். வெளியிட ஆளில்லை என்று முன் அறையிலேயே பதிப்பகம் தொடங்கினார், அன்றிலிருந்து நம் வீட்டில் விருந்தாளி உட்கார இடமில்லை. போன வருஷம்தான் முதல்முறையாகத் தான் பிறந்த மடுல்சீமைத் தோட்டத்தை வைத்து எழுதினார். மண்சரிவு வரும் என்ற அறிக்கையை ஒளித்துவைக்கும் ஒரு தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர், அவனைத் துரத்தும் துப்பறிவாளர். கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தவர்கள் அவரையே திரைக்கதை எழுதச் சொன்னார்கள். மலை சரிவதைக் காட்டச் செலவாகும், வெடிகுண்டாக மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினார். கிளாக்கரைக் கடத்தல்காரனாக மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினார். பிறகு அவர்கள் ஃபோன் நம்பரை மாற்றிவிட்டார்கள்.

புத்தகமும் விற்கவில்லை, கட்டுக் கட்டாகத் தோட்டத்துக்கே கொடுத்துவிட்டார். கொழுந்து எடுக்கிற வேலாயி, அப்பாவுக்குத் தங்கை முறை, அதைத் தேத்தண்ணி நேரத்தில் பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கார்த்திகையில் பத்து நாள் விடாத மழை. அவர்கள் வரிசை வீடுகளாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் தரை வெடித்தது, கதவுகள் இறுகிக்கொண்டன, குடிக்கப் பிடிக்கிற பீலிக் குழாய்த் தண்ணீர் சேறாக வந்தது. வேலாயிக்கு இதே அறிகுறிகளை எழுதியிருந்த ஐந்தாம் அத்தியாயம் ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போய் ஆபிசில் சொன்னால், அங்கிருந்த கிளாக்கர், "கதப் புத்தகத்த படிச்சிட்டு பயங்காட்டுறியா, போ பெரட்டுக்கு, வேலக்கி ஆள் பிரிக்கிறாங்க" என்றாராம். இவள், "கதையிலயும் கிளாக்கரையா இதத்தாங்க சொன்னாரு" என்றுவிட்டு, பதினொரு வீட்டுச் சனத்தையும் பிள்ளைகளோடு ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்று மணிக்கு மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் மண்தான் இருக்கிறது. ஒருவரும் சாகவில்லை மகன்.

நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதியவர் யார் என்று விசாரிக்க அப்பாவைப் பொலிஸில் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். முப்பது வருஷமாக இன்ஸ்பெக்டர்களை உண்டாக்கியவர், உண்மையான இன்ஸ்பெக்டரைக் கண்டதும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். "அது என் கற்பனை இல்லீங்க சேர், ஒரு ஆபிஸ் சுவத்துல மண்சரிவுக்கு முன்னால என்னென்ன நடக்கும்னு சிங்களத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு, பக்கம் பத்தலன்னு அதத் தமிழ்ல எழுதிச் சேத்துக்கிட்டேன்" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பாதான் வழியெல்லாம் அந்த அத்தியாயத்தையே புரட்டிக்கொண்டு வந்தார். இருபத்தாறு நாவலில் உருப்படியான பக்கங்கள் தன் சொந்தச் சரக்கில்லை என்பது உறைத்திருக்க வேண்டும். குத்திக்காட்ட வாய் வரை வந்ததை நான் கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினேன்.

அடுத்த வாரம் வேலாயி வந்து, "அண்ணே, அஞ்சாவத மட்டும் தனியா அடிச்சுக் குடுங்க, மத்த தோட்டத்துக்கும் குடுக்கணும், அந்தத் துப்பறியிறவரு வேணாம், அவரு வந்தா வாசிக்க நேரமாகுது" என்றாள். அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அச்சு மெஷினை ஓட்டினார். பன்னிரண்டு பக்கம், அட்டையில் வழக்கமான துப்பாக்கிப் பெண் இல்லை, இப்போது கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் போயிருக்கிறது. அந்தச் சனங்கள் இன்னும் ஸ்கூல் மண்டபத்தில்தான், வீடு கட்டக் காணி தருகிறோம் என்று அரசாங்கத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மனு எழுதுவது அப்பாதான். முதல் மனுவைக் கார்மேகம் சூழ்ந்த பிற்பகல் என்று தொடங்கினார், வேலாயி அந்த வரியை வெட்டிவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். அந்தச் சின்னப் புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா எழுதிய எதையும் நீ வாசித்ததில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இதை வாசி. நன்றாயிருக்கிறது என்று சொல்லாதே, அதை எல்லாரும் வாசிக்காமலே சொல்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் பீலி என்பது பூலி என்று விழுந்திருக்கிறது, பிழை பார்த்த நான் உனக்காகத்தான் அதைத் திருத்தாமல் விட்டேன். ஃபோன் எடுக்கும்போது அந்தப் பிழையைச் சொல்லு. கோபப்படுவார். கொஞ்ச நேரம் கோபப்பட்டுச் சந்தோஷமாக இருக்கட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா ராசம்மா