உங்கள் லென்ஸுக்கு மாலை போட விடமாட்டேன்

என் அருமை அத்தான்,

இப்போது நான் சொல்லப்போவதை இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. ஆண்டவர் சந்நிதியில் இருக்கிற நீங்களாவது நம்பித் தொலையுங்கள்.

நீங்கள் போனபிறகு ஊர்ப் போட்டோக்காரர்கள் ஒன்றுகூடி உங்கள் ஐம்பது எம்.எம். லென்ஸுக்கும் இறுதி மரியாதை செய்யக் கிளம்பினார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போட்டுவிடலாமாம். அந்தப் பிளாஸ்டிக் குப்பியோடு பெரிய கல்யாணத்துக்குப் போனால் உங்கள் மகள் கிருபா ஸ்டூடியோவை மூடவேண்டியதுதானாம். "அது இன்னும் சாகலைவே. மாலையை உம்ம வீட்டு லென்ஸுக்குப் போடும்" என்றேன்.

களக்காட்டில் ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டுக்குப் படம் எடுக்க நம் கிருபா. மாப்பிள்ளை வீட்டார் நாங்குநேரிக்காரர்கள். அவர்கள் சென்னையிலிருந்து ஒரு போட்டோக்காரரை இறக்கியிருந்தார்கள். அவர் லென்ஸை எடுத்து வைத்ததும் மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. பொதிகை மலை எட்டிப் பார்த்தது. முன்கண்ணாடியில் யானை முகம் கழுவிவிட்டுப் போனது. நம்முடையதோ கிருபாவின் உள்ளங்கைக்குள் அடங்கியது. பெண் வீட்டில் அடுத்த மகளுக்குத் தையில் கல்யாணம். யார் ஆல்பம் பிடிக்கிறதோ அவருக்குத்தான் அதுவும்.

சென்னைக்காரர் லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்தே எடுத்தார். அவ்வளவு பெரிசை வாங்கியவருக்கு அதை மூட மனம் வருமா? கிருபா நம் லென்ஸின் வாயை இரண்டு ஸ்டாப் அளவு சுருக்கி, பிளாஷைக் கூரையில் அடித்து எடுத்தாள். "பின்னால நிக்குதவனும் மொய் எழுதினவன்தான் மாப்ளே, அவன் மூஞ்சியும் தெரியணும்லா" என்பீர்களே.

இரண்டு ஆல்பமும் பெண் வீட்டுக் கூடத்தில் விரிந்தன. பெரிய லென்ஸில் மணப்பெண்ணின் ஒவ்வொரு இமைமயிரும் ஊசிபோல நின்றது. மற்றதெல்லாம் வெண்ணெய். காசுமாலை உருகிவிட்டது. தாலி எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளையின் பெரியப்பா கரைந்தேவிட்டார். அவருடைய தங்கை ஆல்பத்தை மூக்கு வரைக்கும் கொண்டுபோனாள்.

"எங்க அண்ணாச்சி எங்க தம்பி? இட்லிப் பானை ஆவி கணக்கால்லா நிக்காவ."

அந்த மங்கல்தான் லென்ஸின் பெருமையே என்று சென்னைக்காரர் பொறுமையாக விளக்கினார்.

"மங்கலாத் தெரியுததுக்கா இம்புட்டு பெரிய லென்ஸு?"

அந்தக் கேள்வி மணிமுத்தாறு அணையில் மோதித் திரும்பி வந்தது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய லென்ஸ் நம்முடையதுபோல எதிர்வெளிச்சத்தில் வெளிறவில்லை. முழுக்கத் திறந்தால் நம்முடையது ஓரங்களில் கஞ்சியாகக் குழையும், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அவர் லென்ஸின் வாயைச் சுருக்கி எடுத்த ஒரே ஒரு குரூப் போட்டோவையும் கிருபா எடுத்ததையும் பக்கத்தில் வைத்தபோது, எது தன்னுடையது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நல்ல மனிதர், சிரித்துவிட்டார். தைக் கல்யாணமும் கிருபாவுக்குத்தான்.

ஆகவே அத்தான், இது என் வாக்கு. அந்த லென்ஸ் உடைந்து தூளாகும்வரை வேலைக்குப் போகும். மாலையோடு வருகிறவர் முதலில் என்னைத் தாண்டட்டும்.

மேடை சாய்ந்தது, மலை எட்டிப் பார்த்தது, யானை வந்தது எல்லாம் என் கைச்சரக்கு. ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியம். புன்னக்காயல் கடல்மணல் புகுந்ததிலிருந்து போகஸ் தேடும்போதெல்லாம் உங்கள் லென்ஸ் கரகரவென்று தொண்டையைச் செருமும் அல்லவா? முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், மேளக்காரர் மூச்சு வாங்கிய நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால் அந்தச் செருமல் கேட்டது. நீங்கள்தான் மறைக்காதே என்கிறீர்கள் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டேன்.

இன்னும் ஒதுங்கியே நிற்கிற
உங்கள் மைத்துனன்