பெரியம்மா மருந்து வைக்கவில்லை

ஜமுனாமரத்தூர்
14.3.1986

அன்பு மகன் கோவிந்தனுக்கு அம்மா எழுதுவது. ஜபல்பூர் வெயிலில் உனக்கு ஒரு குறையும் வராமல் காளியம்மன் காக்கட்டும். இங்கே நாங்கள் நலம், ஒப்புக்கு எழுதவில்லை, இந்த முறை நிஜமாகவே நலம். உன் தங்கச்சி பாஞ்சாலி நேற்று இரண்டு உருண்டை களி தின்றாள், தின்றது வயிற்றில் நின்றது. ஒரு வருஷமாக ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்த பெண், இப்போது சத்துணவுக் கூடத்தில் எனக்குக் கீரை ஆய்ந்து தருகிறாள். சந்தோஷத்தில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் அவளை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை கிள்ளிச் சோதித்து, பெருங்குடலில் அழற்சி, அதனால் புண் என்றார்கள். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். நான் சும்மா இருப்பேனா, இவள் அப்பாவும் இப்படித்தான் போனார், ஆனால் அது வியாதி இல்லை, என் ஓரகத்தி மங்கம்மாள் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள், இப்போது பிள்ளைக்கும் வைத்திருக்கிறாள் என்று ஆத்திரமாகச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று ஒரு காகிதத்தில் நம் குடும்பத்தையே வரைந்து, அப்பாவின் கூடப் பிறந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார். உன் அத்தை முத்தம்மாளும் ரத்தமாகப் போய் எலும்பும் தோலுமாகித்தான் செத்தாள் என்றேன். எப்போது என்றார். விரல் விட்டு வருஷத்தை எண்ணினேன். அத்தை செத்து வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் நல்ல காரியம் நடக்க வேண்டும் என்றுதானே உன் பெரியப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள், அப்படி வந்தவள்தானே மங்கம்மாள். முத்தம்மாள் சாகும்போது அவள் நம் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

இது சில குடும்பங்களில் ரத்த வழியாக இறங்குகிற வியாதியாம். எல்லாருக்கும் வந்துவிடாது, மற்றவர்களைவிட நமக்கு வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ரத்தத்தில் எது அதைக் கொண்டுவருகிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது என்று அந்த அம்மாவே ஒப்புக்கொண்டார். தொற்றாது, அடியோடு போகவும் போகாது, மஞ்சள் மாத்திரையில் அடங்கி இருக்கும். கல்யாணம் பண்ணலாமா என்று கேட்டேன், தாராளமாகப் பண்ணுங்கள் என்றார்.

போளூரில் பஸ் மாறி மலைக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக உன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் கூடி நிற்க அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியும் நம்பாதவள் நான், அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று உங்களையும் தடுத்தவள். அவள் புளியந்தோடு உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லி, அடிப்பதானால் அடி அக்கா என்று நின்றேன். கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு, நம்ம கோவிந்தனுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லியேடி என்றுதான் முதலில் கேட்டாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன், அவள் கையால் சாமைச் சோறு வாங்கித் தின்றேன். மறுநாள் ஊர்க் கூட்டத்தில் தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது.

இப்போது உன் விஷயம். தீபாவளிக்கு வந்தபோது அடிக்கடி கொல்லைப்பக்கம் போனாய், கேட்டதற்குச் சூடு என்றாய், நானும் மோர் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். உடனே பட்டாளத்து டாக்டரிடம் போய், அப்பா, அத்தை, தங்கச்சி மூன்று பேருக்கும் இருந்தது என்று சொல். வெட்கப்படாதே. உன் அப்பா வெட்கப்பட்டு என்னிடமே ஒரு வருஷம் மறைத்தார். தெரிந்த பிறகு மிச்சம் இருந்த நாளையெல்லாம் நான் வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிறேன் என்கிறவனிடமும் பஞ்சாயத்திலும் தொலைத்தேன், ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிப் போகவில்லை. அந்தத் தப்பை உன்னிடம் செய்ய மாட்டேன்.

நீ நன்றாக இருப்பாய் சாமி, உன் அப்பாவின் ஆயுசும் சேர்ந்து உனக்கு வரட்டும். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது. இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் நாங்கள் இரண்டு பேருமே ரயில் ஏறிவிடுவோம், ஜபல்பூருக்கு எங்கே வண்டி மாறவேண்டும் என்று உன் பெரியம்மா இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்படிக்கு
உன் அம்மா
ராணியம்மாள்